தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததா? ஒரு நிமிஷம் நில்லுங்க!

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பல்லாவரம் பக்கம் குடியிருக்கிறீர்களா? அப்படியானால் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட் குரூப்பிலோ, ஸ்கூல் பெற்றோர் குரூப்பிலோ கண்டிப்பாக இருப்பீர்கள். தண்ணி லாரி எப்போ வரும் என்ற தகவல் வரும் அதே இடத்தில்தான், "நம்ம புள்ளைங்களுக்கு இந்த ஊசி போடாதீங்க, எல்லாருக்கும் அனுப்புங்க" என்ற வாய்ஸ் மெசேஜும் வருகிறது. அனுப்புகிறவர் அக்கறையோடுதான் அனுப்புகிறார். ஆனால் அந்த மெசேஜ் என்ன செய்யும் என்பதை நம் மாநிலம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

2017-ல் நடந்தது என்ன?

2017 பிப்ரவரி 6-ல் தட்டம்மை - ரூபெல்லா (எம்.ஆர்.) தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள சுமார் 1.76 கோடி குழந்தைகளுக்குப் போடுவது இலக்கு. அதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பல பெற்றோர் பயந்து மறுத்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அன்று சுற்றிய பேச்சுகள் இன்றும் வேறு வேறு வடிவத்தில் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"புது ஊசி, வெளிநாட்டுக்காரன் சோதனை பண்றான்."
தட்டம்மை தடுப்பூசி 1985 முதல் நம் தேசியத் திட்டத்தில் இருக்கிறது. 2017-ல் அதோடு ரூபெல்லாவும் சேர்ந்தது, அவ்வளவுதான். இந்த மருந்து நம் நாட்டிலேயே, புனேயில் தயாராகிறது.

"ஆட்டிசம் வரும்."
1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டன் மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பிய பேச்சு இது. 2010-ல் லான்செட் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் கண்ணில் படுவது ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள். ஊசி போடும் வயதும் அதுதான். அதனால் இரண்டும் சேர்ந்து வருவதுபோலத் தோன்றுகிறது.

"அம்மை வந்தா வேப்பிலை போதும், தானா இறங்கிடும்."
வேப்பிலை வைப்பது உங்கள் நம்பிக்கை, யாரும் தடுக்கவில்லை. ஆனால் தட்டம்மை நிமோனியாவிலும், கடும் வயிற்றுப்போக்கிலும், கண் பார்வை இழப்பிலும் கொண்டுபோய் விடலாம். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால், வயிற்றிலுள்ள குழந்தையின் இதயம், கண், காது பாதிக்கப்படலாம். உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி, பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கும் பாதுகாப்பு.

"ஊசி போட்டா காய்ச்சல் வருதே?"
வரலாம். பெண்டாவேலன்ட் ஊசிக்கு அன்றோ மறுநாளோ வரும்; எம்.ஆர். ஊசிக்குச் சுமார் ஒரு வாரம் கழித்து வரலாம். உடம்பு நோயை எதிர்க்கப் பழகுகிறது என்று அர்த்தம். நர்ஸ் சொன்ன அளவில் மட்டும் பாராசிட்டமால் கொடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், எதுவும் பூச வேண்டாம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். மூச்சுத்திணறலோ வலிப்போ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

"சளி பிடிச்சிருக்கு, அப்புறம் போட்டுக்கலாம்."
லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். எம்.ஆர். முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். தவறிப்போயிருந்தாலும் 5 வயது வரை போடலாம். "இனிமே போய்க் கேட்டா திட்டுவாங்களோ"ன்னு தயங்காதீங்க.

ஃபார்வர்டு பண்ணும் முன் மூன்று கேள்விகள்

1. சொன்னவர் யார்? பெயரும் பொறுப்பும் இருக்கிறதா, இல்லை "ஒரு பெரிய டாக்டர்" மட்டும்தானா?
2. எந்த ஊர், எந்தத் தேதி?
3. "உடனே அனுப்பு" என்று அவசரப்படுத்துகிறதா?

பதில் இல்லையென்றால் அந்த மெசேஜ் உங்கள் போனோடு நிற்கட்டும். சந்தேகத்தை 104-க்கு போன் செய்து கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு நேரில் போங்கள். அரசு மையங்களில் இந்த ஊசிகள் இலவசம். யூ-வின் தளத்தில் பதிவு செய்தால் அடுத்த தவணை எப்போது என்று போனிலேயே தெரியும்.

குரூப்பில் அந்த வாய்ஸ் மெசேஜ் போட்டவர் உங்கள் அத்தையாகவே இருக்கலாம். எல்லார் முன்னாலும் மறுத்துப் பேச வேண்டாம். தனியாக போன் பண்ணி, "அத்தை, நான் கேட்டுப் பார்த்தேன், அது உண்மையில்ல" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.