தேனிலவும் பாஷைப் பயிற்சியும்

கேள்வி: நான் பிரெஞ்சும், எனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஜெர்மனும் பயில்கிறோம். தேனிலவுக்கு எத்தேசம் உசிதம்?

பதில்: சந்தேகமின்றி ஸ்விட்ஸர்லாந்துதான். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்னும் 4 பாஷைகளுக்கும் தேசிய அந்தஸ்து அளித்துள்ள அந்நாட்டிலே, வீதிப் பெயர்ப்பலகைகள்கூட ஜெர்மனிலும் பிரெஞ்சிலுமாக இரட்டையாய் விளங்கும் பீல் நகரில் சில தினங்கள் தங்குவீர்களானால், காலையில் ரொட்டிக் கடையில் தங்கள் பிரெஞ்சும், மாலையில் ஏரிக்கரையில் அம்மணியின் ஜெர்மனும் பாரபட்சமின்றிப் பரீட்சைக்குள்ளாகும். ஸூரிச், பெர்ன் வாசிகள் தமக்குள் பேசும் ஜெர்மன், பாடப்புத்தக ஜெர்மனுக்கு வெகுதூரம். அது கேட்டு அம்மணி கலங்க வேண்டாம், நிதானமாக வினவினால் புத்தக பாஷையிலேயே மறுமொழி கிடைக்கும். பிரெஞ்சுப் பகுதியிலோ, 'போன்ழூர்' சொல்லாமல் விலை கேட்பது மரியாதைக் குறைவு. (ஒருவர் பிழையை மற்றவர் திருத்தும் உத்தியோகம் மட்டும் தேனிலவுக்கு ஆகாது!) அங்கு செல்வதற்கான ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அவகாசம் 15 நாட்களுக்குக் குறையலாகாது.