எங்கே இருந்தீர்கள் என்று கேள்

அன்புள்ள தம்பி,

ஜூலையில் வூஹானில் ஒரு சீன மருத்துவரிடம் உதவியாளராகச் சேரப்போவதாக எழுதியிருந்தாய். 'அடுப்பு நகரங்கள்' என்று சீனர்கள் சொல்லும் ஊர்களில் அதுவும் ஒன்று. யாங்சே ஆற்றங்கரையின் புழுக்கத்தில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே முறையீட்டைத்தான் சொல்வார்கள்: தலைவலி, காய்ச்சல், சோர்வு. நாடியில் கை வைக்கும் முன், நேற்று எங்கே இருந்தீர்கள் என்று கேள்.

மிங் காலத்து மருத்துவர் ஜாங் ஜியேபின் கோடை நோயை யாங், யின் என்று இரண்டாகப் பிரித்தார். யாங் வகையில், வெயிலில் செங்கல் சுமந்தவர் வியர்த்துக் கொட்டித் தாகத்தோடு வருவார். அவருக்கு ஜிப்சமும் ஜின்செங்கும் சேர்ந்த வெண்புலிக் கஷாயம். யின் வகையில், குளிர்ந்த அறையில் படுத்து ஐஸ் பானம் குடித்தவர் வியர்வையின்றி, குளிரும் குமட்டலுமாக வருவார். அவருக்கு ஷியாங்ரு மூலிகை, வெள்ளை மொச்சை, மக்னோலியாப் பட்டை. மாறிப்போனால் ஆபத்து. குளிர்காலத்துக்கு வியர்க்கவைக்கும் எபெட்ரா எப்படியோ, கோடைக்கு ஷியாங்ரு அப்படி என்று மூலிகை நூலாசிரியர் லி ஷிஜென் எழுதினார். ஏற்கெனவே வியர்த்து ஓய்ந்தவருக்கு வியர்க்கவைக்கும் மருந்து எதற்கு?

ஊரும் ஆண்டும்கூட நோயை மாற்றும் என்பது இம்மருத்துவத்தின் நம்பிக்கை. 1950களின் நடுவில் ஷிஜியாஜுவாங் நகரில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியபோது, அங்கிருந்த மருத்துவர்கள் ஜிப்சத்தை அதிக அளவில் கொடுத்தார்கள். பலன் கிடைத்ததாகச் சொன்னார்கள். 1956இல் பெய்ஜிங்கில் அதே மருந்து எடுபடவில்லை. அந்த ஆண்டு மழை அதிகம், இங்கே ஈரமும் சேர்ந்திருக்கிறது என்று மருத்துவர் பு ஃபுஜோ மருந்தை மாற்றினார். அந்த வெற்றிக் கணக்குகளை நான் அப்படியே ஏற்பதில்லை. அந்த நோயைக் கொசு பரப்புகிறது, இன்று தடுப்பூசி இருக்கிறது. ஆனால் பெயர் பெற்ற மருந்தையும் கைவிடத் தயங்காத அவருடைய துணிச்சலைக் கற்றுக்கொள்.

இனி, எந்த மருந்துக்கும் வேலையில்லாத ஒரு நிலை. பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினாலோ அதை வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள். தோல் வறண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே. வேலை செய்து விழுந்தவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 120ஐ யாரையாவது அழைக்கச் சொல், நீ உடனே குளிரவை: குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்து, முடியாவிட்டால் நனைத்து விசிறு. நினைவு தெளியாதவர் வாயில் கஷாயம் ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும். அக்குபங்சர் ஊசியைத் தேடி நிமிடங்களை வீணாக்காதே. உன் ஆசிரியர் வேறு சொன்னாலும் இதில் கேட்காதே.

அப்படி விழுந்தவர் மருத்துவமனையிலிருந்து திரும்பி, நாக்கு வறண்டு, களைத்துப்போய் வந்தால், மருத்துவர் வாங் மெங்யிங் 1852இல் எழுதிவைத்த தர்பூசணித் தோல், மூங்கில் இலை, தாமரைத் தண்டுக் கஷாயத்தை யோசிக்கலாம். அதற்கு முன் மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் படி. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்.

அன்புடன்,
அண்ணன்