பாலம் முந்தியா, ஊர் முந்தியா?

மௌலா அலி, ஹைதராபாத்.

அன்புள்ள நிலா,

டான்யூப் கரையோரம் சைக்கிளில் சென்டென்ட்ரேவுக்குப் போக ஆசை என்று எழுதியிருந்தாய். புடாபெஸ்டிலிருந்து ஆற்றை எதிர்த்து 20 கி.மீ. போனால் அந்த ஊர். 1690-இல் துருக்கியருக்குத் தப்பி வந்த செர்பியர்கள் குடியேறித் தங்கள் கோயில்களைக் கட்டிய இடம். போகலாம், பணம் சேரட்டும். அதற்கு முன் அரையாண்டு லீவுக்கு இங்கே வா. நம் வீட்டிலிருந்து மூசி நதியின் புரானாபூல் பாலத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், மூசிக் கரையில் சைக்கிளுக்கென்று பாதை கிடையாது. 2023-இல் சோலார் கூரை போட்டு 23 கி.மீ. பாதை திறந்தார்கள், ஆனால் அது நகரத்துக்கு மேற்கே வெளிவட்டச் சாலையோரம். இங்கே நமக்குத் துணை பஸ்ஸும் ஆட்டோவும் சாக்கடை நாற்றமும். அதனால் ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் கிளம்புவோம். தார்நாக்கா, உஸ்மானியா பல்கலைக்கழகம், அம்பர்பேட் தாண்டிச் சாதர்காட்டில் ஆற்றைப் பிடித்து, வடகரையோடு மேற்கே திரும்பினால் போதும்.

வழியில் உஸ்மானியா மருத்துவமனையில் ஒரு புளியமரம் பார்க்கலாம். 1908 செப்டம்பர் 28 வெள்ளத்தில் அதில் ஏறிக்கொண்ட நூற்றைம்பது பேர் பிழைத்தார்கள் என்பார்கள். ஊரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்துத் திட்டம் கேட்டு, மேலே உஸ்மான் சாகரையும் ஹிமாயத் சாகரையும் கட்டினார்கள். இன்று ஆற்றில் நீர் மெலிந்து கிடப்பதற்கு அந்த அணைகளும் ஒரு காரணம். ஒல்லியாக இருக்கிறதே என்று மூசியை இளக்காரமாகப் பார்க்காதே.

புரானாபூல் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடு. பாலத்தின் மேல் இப்போது காய்கறிக் கடைகள், உருட்டிக்கொண்டுதான் போக முடியும். இளவரசர் முகமது குலி, பாக்மதி என்ற பெண்ணைப் பார்க்க வெள்ளத்தில் குதிரையை இறக்கினாராம். பதறிய தந்தை, கோல்கொண்டா அரசர் இப்ராஹிம் குதுப் ஷா கட்டிய பாலமாம் இது. அழகான கதைதான். ஆனால் பாலம் கட்டிய வருஷம் 1578, முகமது குலி பிறந்தது 1565 வாக்கில். கழித்துப் பார். பதின்மூன்று வயதுப் பையனுக்காகவா ஒரு அரசர் இத்தனை வளைவுகளை எழுப்பியிருப்பார்?

எனக்குத் தோன்றுவது இது. கோல்கொண்டா கோட்டைக்குள் ஜனம் நெரிந்தது, தென்கரையில் இடம் கிடந்தது, ஆற்றைத் தாண்ட வழி வேண்டியிருந்தது. ஹைதராபாத் ஊரோடு சார்மினார் எழுந்தது 1591-இல். அதாவது பாலம் வந்து பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் வந்திருக்கிறது. கார்வான் பக்கமிருந்து பாலமேறி, ஹுசைனி ஆலம் வழியாகச் சார்மினாருக்குப் போனால், ஊர் பிறந்த வரிசையிலேயே நாமும் ஊருக்குள் நுழைகிறோம். காரில் போனால் இது பிடிபடாது, நான் இரண்டு வருஷம் காரில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து சாயங்காலம் நம் மௌலா அலி மலைமேல் ஏறுவோம். அங்கே உள்ள தர்காவும் அதே இப்ராஹிம் காலத்தது. அடிவாரத்தில் 1824-இல் மறைந்த உருதுக் கவி மஹ்லகா பாய் சந்தாவின் சமாதி இருக்கிறது, அவரைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிள் கேட்டு வைத்திருக்கிறேன். சீட்டை இறக்க வேண்டும். செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, தரையிலிருந்து கால் கவடு வரை அளந்து எழுது.

அன்புடன்,
சித்தப்பா