மறைகுறியீட்டியல் தேர்வா? இதைக் கவனியுங்கள்

ஜவ்வாதுமலையிலிருந்து இறங்கி வேலூர், ஆரணிப் பக்கம் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: அண்ணா பல்கலைக்கழக 2021 ஒழுங்குமுறையில் ‘கிரிப்டோகிராஃபி அண்ட் சைபர் செக்யூரிட்டி’ தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேறுவதற்கு மொத்தம் 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதம் தனியே எடுத்தாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். இன்டர்னலில் முழு 40 இருந்தாலும் நூறு மதிப்பெண் வினாத்தாளில் 44 எடுத்தால் அரியர்தான். இன்டர்னல் 20 என்றால் 50 தேவை. 15 என்றால் 59. தன்னாட்சிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரி விதியைப் பாருங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம். ஜமுனாமரத்தூரில் மழை பெய்து பஸ் நின்றாலும் விடுப்பு விடுப்புதான். 65-க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றோடு உடனே துறைத்தலைவரைப் பாருங்கள்.

ஆர்எஸ்ஏ கணக்கில் விடையைச் சரிபார்க்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள். p=3, q=11, e=7 என்றால் d=3. 5 என்ற செய்தி 14 ஆக மறையும். 14-ஐ மும்மடியாக்கி 33-ஆல் வகுத்தால் மீதி 5 வர வேண்டும். ஒவ்வொரு படியையும் எழுதுங்கள்; கடைசி எண் தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கேட்க இடமிருக்கும்.

மதிப்பெண்ணில் ஐயமா? முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள், பிறகுதான் மறுமதிப்பீடு. கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும். ஊரில் சிக்னல் கிடைக்காவிட்டால் கல்லூரியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.