அடுக்குப்பட்ட ஏரி நீரைக் காற்றினால் கலக்குதல்

செங்கற்பட்டுச் சீமையில் சிற்றேரிக்குத் தாங்கல் என்று பெயர். பட்டணத்தோடு சேர்ந்துவிட்ட அடையாற்றங்கரை ஈக்காட்டுத்தாங்கலின் பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது. தாங்கல் ஆழமற்றதாகையால் காற்றே அதன் ஜலத்தை அடிவரை புரட்டிவிடும். அடையாற்றிற்கு மிகுநீரை விடும் செம்பரம்பாக்கம் ஏரியோ நிறைந்தால் 24 அடி. 1934-ல் முடிந்த மேட்டூர் அணை 120 அடி. ஆழம் மிக்க இடங்களில், காற்றடங்கிய நாட்களில், வெயிலால் காய்ந்து இலேசான மேல்நீர், குளிர்ந்த அடிநீரின்மேல் படலமாகத் தங்கிவிடும். அடியில் பிராணவாயு அற்று, துர்நாற்றமும் இரும்புச் சத்தும் மிகும். உஷ்ண தேசத்தில் இதற்குச் சிறு பேதமே போதும்: 29, 30 சென்டிகிரேடு டிகிரிகளுக்கிடையே நீரின் எடையில் உண்டாகும் பேதம், 4, 5 டிகிரிகளுக்கிடையே உண்டாவதைப்போல் முப்பது மடங்கிற்கு மேல்.

இதற்குப் பரிகாரம், துளையிட்ட குழாயை அடியில் கிடத்தி அமுக்கிய காற்றைச் செலுத்துவதாம். ஏறும் குமிழிகள் அடிநீரையும் உடன் இழுத்துச் செல்லும். பிராணவாயுவைப் பெரும்பாலும் தருவது குமிழியன்று, மேலே வந்த நீர் வெளிக்காற்றைத் தொடுவதே.

யந்திரம் வாங்குமுன் கணக்கிடல் வேண்டும். அடிக்கு ஒருமுறை உஷ்ணமானியை இறக்கிப் பார்த்து, ஏரியைக் காகிதத்தில் படலங்களாகப் பிரித்து, கனத்த படலத்தை உயர்த்தும் வேலையைக் காண்க. சமமான இரு படலங்களாயின், பரப்பும் உஷ்ண பேதமும் மாறாதிருக்க, ஆழம் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். நெடுநாள் கெட்ட அடிநீரை ஒரே நாளில் கிளப்பினாலோ மீன்கள் மூச்சுமுட்டி மடியும். ஆதலால் படலம் கட்டுமுன், கோடைத் தொடக்கத்திலேயே, சிறிது சிறிதாகக் காற்றை விடத் தொடங்குக.