லேக் அடிக்கும் கேமில் இருந்து கேட் ரூம் வரை

முதலிபாளையம் சிட்கோவில் பனியன் கம்பெனியின் கேட் (CAD) ரூமுக்கு வேலை கேட்டு வரும் பையனிடம் பேட்டர்ன் தெரியுமா, கிரேடிங் தெரியுமா, மார்க்கர் போடத் தெரியுமா என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர் கேம் விளையாடுவாயா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 திணறியபோது, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், எங்கே அடைக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்தவனுக்கு இன்றைய சாம்பிள் அறையில் மதிப்பு இருக்கிறது.

குளோ, பிரவுஸ்வேர் மாதிரியான 3டி மென்பொருள்களில் டீ-ஷர்ட்டைத் திரையிலேயே தைத்து, அவதாருக்கு மாட்டி, பையருக்குப் படமாக அனுப்பிவிடலாம். துணி எப்படி விழும், எங்கே சுருங்கும் என்று கணக்குப் போட்டுப் படம் வரையும் அந்த வேலையும் கேமும் ஏறி உட்காருவது ஒரே பாகங்களின் தலையில்தான்: பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம். கேம் திணறும் கம்ப்யூட்டரில் குளோவும் பெரும்பாலும் திணறும். அதனால் கேமை வைத்தே பழகுங்கள். தப்பாகப் போனாலும் எந்த ஆர்டரும் தாமதமாகாது.

எதையும் மாற்றும் முன் அளந்துவிடுங்கள். ‘ஸ்லோவா இருக்கு’ என்பது புகார்தான். அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருகிறது என்று ஸ்டீமே திரையின் மூலையில் காட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் இன்னும் விவரமாகக் காட்டும். 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் தயாராக 16.7 மில்லி நொடி. 30 என்றால் 33.3. சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரி 60 வந்தும் கேம் விக்கி விக்கி ஓடினால், ஆக மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்களின் கணக்கைப் பாருங்கள்; கோளாறு அங்கேதான் தெரியும். ஒவ்வொரு முறையும் கேமில் ஒரே இடத்தில், ஒரே பாதையில் அளக்க வேண்டும். ஜிடிஏ 5-இல் அதற்கென்றே பெஞ்ச்மார்க் உள்ளேயே இருக்கிறது.

அடுத்து, எந்தப் பாகம் நிரம்பி வழிகிறது என்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் சுமை அதன் மேல். பாதிதான் வேலை செய்கிறது, ஃப்ரேமும் வரவில்லை என்றால் அது வேறு யாருக்கோ காத்திருக்கிறது. பிராசசர் எண் இங்கே கண்ணைக் கட்டும். 12 திரெட் உள்ள பிராசசரில் ஒரு திரெட் மட்டும் முழுக்க நிரம்பினாலும் மொத்தக் கணக்கு 10 சதவீதத்தைக்கூடத் தாண்டாமல் சும்மா இருப்பது போலத் தெரியும். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ரெசல்யூஷனை 1080பி-யில் இருந்து 720பி-க்கு இறக்குங்கள். திரையில் வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்தில் இருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. அப்படியும் ஃப்ரேம் ஏறவில்லை என்றால் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு இல்லை. தையல் லைன் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை: பேட்லாக்கில் பீஸ் குவிந்து கிடக்கும்போது இன்னும் இரண்டு ஓவர்லாக் போட்டால் குவியல்தான் பெருகும்.

இப்படிப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2021-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜிடிஏ 5-இன் ஆன்லைன் பகுதியான ஜிடிஏ ஆன்லைன் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம் என்று உலகம் முழுக்க ஆண்டுக்கணக்கில் கேலி செய்துகொண்டிருந்தார்கள். டோஸ்ட் என்ற புனைபெயர் கொண்ட ஒருவருக்கு ஆறு நிமிடம் பிடித்தது. காரணம் தேட அவர் முதலில் திறந்தது டாஸ்க் மேனேஜரைத்தான். முதல் ஒரு நிமிடத்துக்குப் பிறகு டிஸ்க் சும்மா, நெட்வொர்க் சும்மா, கிராபிக்ஸ் கார்டும் சும்மா. பிராசசரின் ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. இன்டர்நெட்டைக் குறை சொன்னவர்கள், எஸ்எஸ்டி வாங்கச் சொன்னவர்கள் எல்லாரும் அந்த ஒரு பார்வையில் அடிபட்டுப் போனார்கள்.

உள்ளே தோண்டியபோது, கேமுக்குள் விற்கும் பொருள்களின் பட்டியல் சுமார் 10 எம்பி கோப்பாக வருவது தெரிந்தது, 63,000 பொருள்கள். ஒவ்வொரு பொருளைப் படிக்கும்போதும் கோப்பின் மீதி நீளத்தைக் கடைசி வரை புதிதாக எண்ணியிருக்கிறது நிரல். போதாததற்கு, ஒவ்வொன்றையும் சேர்க்கும் முன் ஏற்கெனவே சேர்த்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருக்கிறது. இரண்டையும் சரிசெய்ததும் ஆறு நிமிடம் 1 நிமிடம் 50 நொடியாக இறங்கியது. கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் அதை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமே அப்டேட் விட்டு, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. விளையாடும் நாம் நிரலைத் திருத்தப் போவதில்லை. ஆனால் அவர் வைத்த முதல் அடி எல்லாருக்கும் கைக்கெட்டியது.

காசு செலவில்லாமல் தீர்பவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் சொருகப்பட்டிருக்கலாம். சிரிக்காதீர்கள், போய்ப் பாருங்கள். லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால், கேம் எதில் ஓட வேண்டும் என்று விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் சொல்ல வேண்டும். சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். பின்னால் ஓடும் குரோம் டேப்களை மூடுங்கள். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களில் இருந்து மட்டும் இறக்குங்கள். ‘ஒரே கிளிக்கில் வேகம்’ என்று வரும் பூஸ்டர் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம்; நான் பார்த்தவரை அவை தங்களையே பின்னணியில் ஓடவிட்டு ரேமைத் தின்பவை.

ரேமை மட்டும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஊரில் விற்கும் விலை குறைந்த அசெம்பிள் கம்ப்யூட்டர்களில் 8 ஜிபி ஒற்றை ஸ்டிக் சகஜம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டாவது ஸ்லாட்டில் அதே வகை இன்னொரு 8 ஜிபி போட்டால் அளவும் இரட்டிப்பு, போக வரப் பாதையும் இரட்டிப்பு. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கம் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும். 3200 என்று அட்டையில் அச்சடித்த ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அச்சடித்த வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி பயாஸில் போடப்படவில்லை என்று அர்த்தம்.

கேமின் செட்டிங்கில், கார்டு நிரம்பியிருந்தால் நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி மூன்றையும் இறக்குங்கள். பிராசசர் நிரம்பியிருந்தால் கூட்டத்தின் அளவையும் பார்வைத் தூரத்தையும் குறையுங்கள். டெக்ஸ்சரை கார்டின் சொந்த மெமரி நிரம்பினால் மட்டும் குறைத்தால் போதும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் இருந்தால் குவாலிட்டி நிலையில் போட்டுப் பாருங்கள். ஒன்றை மாற்றி, அளந்து, குறித்துக்கொண்டு, பிறகு அடுத்தது. நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய வில்லன் பஞ்சு. நிட்டிங் ஓடும் கட்டடத்திலோ கட்டிங் டேபிளுக்குப் பக்கத்திலோ இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்தால், ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே பஞ்சு கம்பளியாகப் படிந்திருக்கும். காற்று புகாது. சூடு 100 டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு தொய்ந்தால், அடையாளம் அதுதான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சூட்டையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்: சூடு ஏறி வேகம் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

சுத்தம் செய்வதிலும் முறை இருக்கிறது. கம்பெனியில் ஏர் கன் கையருகே இருக்கிறது என்பதற்காக மிஷினுக்கு அடிப்பது போல அப்படியே அடித்துவிடாதீர்கள். கம்ப்ரசர் லைனில் ஈரம் வரும்; அழுத்தமும் அதிகம். பிளக்கைப் பிடுங்கி, வெளியே எடுத்துப்போய், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷால் பஞ்சைக் கிளப்பிவிட்டு, சின்னக் கை புளோயரால் ஊதுங்கள். ஹீட் சிங்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்காமல் மாட்டக்கூடாது. கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். தூசிக்குப் பயந்து துணியும் போர்த்தாதீர்கள்.

இதையெல்லாம் குளோவுக்கு நகர்த்திப் பாருங்கள். அதில் பார்ட்டிகிள் டிஸ்டன்ஸ் என்று ஒன்று உண்டு, வழக்கமாக 20 மில்லிமீட்டரில் இருக்கும். துணியை எவ்வளவு பொடியாகப் பிரித்துக் கணக்கிடுவது என்பதற்கான அளவு அது. ஃபிட் பார்க்கும்போது 20 போதும். பையருக்கு அனுப்பும் கடைசிப் படத்துக்கு மட்டும் 5-க்குக் கொண்டுவாருங்கள். ஆரம்பத்திலேயே 5 வைத்துவிட்டுச் சிஸ்டத்தைத் திட்டுபவர்கள் உண்டு. ஜிபியூ சிமுலேஷனுக்கு என்விடியா கார்டு வேண்டும். கோப்பை சர்வரில் இருந்தே திறக்காமல் உள்ளே நகலெடுத்து வேலை செய்து, முடித்ததும் திரும்ப வையுங்கள்.

கம்பெனி கம்ப்யூட்டரில் வீட்டு வீரம் வேண்டாம். பயாஸ், டிரைவர், ஓவர்கிளாக் எதுவாக இருந்தாலும் கேட்காமல் தொடக்கூடாது. ஷிப்மென்ட் வாரத்தில் கேட்கவே கூடாது. ஓனரிடம் போகும்போது ஒரு தாள் போதும்: எந்த ஸ்டைல், சிமுலேஷனுக்கு எத்தனை நிமிடம், அப்போது எந்தப் பாகம் நிரம்பியிருந்தது, அதை மாற்ற என்ன விலை. “ஏந்தம்பி, போன வருசம்தான வாங்குனோம், அதுக்குள்ள வேற சிஸ்டம் எதுக்கு?” என்று கேட்டால், “சிஸ்டம் நல்லாத்தானுங்க இருக்குது, ரேம் ஒண்ணுதானுங்க பத்தல” என்று தாளைக் காட்டலாம். லட்ச ரூபாய் வொர்க்ஸ்டேஷன் கேட்பதைவிட, இதற்குச் சீக்கிரம் கையெழுத்துக் கிடைக்கும்.

ஊரைவிட்டுப் போக நினைப்பவர்களுக்கும் இது உதவும். ராக்ஸ்டாருக்கு பெங்களூருவிலும் யுபிசாஃப்டுக்கு புனேயிலும் ஸ்டுடியோ இருக்கிறது. கேம் சோதனை வேலைக்கு நேர்காணலில் எத்தனை கேம் முடித்தீர்கள் என்பதைவிட, கோளாறை எப்படி எழுதுகிறீர்கள் என்பது எடுபடும். முதலிபாளையத்திலேயே நிஃப்ட்-டீ கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் படிப்பவர்கள் 3டி சாம்பிள் பக்கம் வர நினைத்தால், போர்ட்ஃபோலியோவில் அழகான படங்களோடு ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த ஸ்டைலை இந்தக் கம்ப்யூட்டரில் செய்தேன், இத்தனை நேரம் பிடித்தது, இதை மாற்றினேன், இவ்வளவு குறைந்தது. ‘ஹார்ட்வேர் தெரியும்’ என்று பயோடேட்டாவில் எழுதுவதை அடித்துவிட்டு அந்தப் பக்கத்தை வையுங்கள்.