கடற்கரைக் கல்வி

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் ஒருநாள் மாலை ஒரு குடும்பத்தினர் அமர்ந்திருந்தனர். சிறுவன் பனையோலையால் செய்த காற்றாடி சுழலவில்லை. “பிரித்துப் பார்” என்றாள் அன்னை. அவன் மடிப்பிலிருந்த பிழையைத் தானே கண்டு திருத்தினான், காற்றாடி சுழன்றது.

துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்களைத் தெற்கு நோக்கி ஏவுவதற்கென, இவ்வூரருகே 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதனை நினைந்த மகள், “ஸ்ரீஹரிகோட்டா இருக்க, இங்கும் ஏன் அப்பா?” என வினவினாள். தந்தை ஈரமணலில் இந்தியாவையும் இலங்கையையும் வரைந்து, “இரண்டு ஊர்களிலிருந்தும் நேர்தெற்கே கோடு இழு” என்றார். முதற்கோடு இலங்கையைத் தொட்டது. மற்றது கடல்மேலேயே சென்றது.

“இங்கிருந்து ஏவினால் வளைந்து செல்ல வேண்டாம், எரிபொருளும் மிஞ்சும்!” என்று மகிழ்ந்தாள் அவள்.

அலை வந்து படத்தை அழித்தது. தாமே கண்ட உண்மை அச்சிறார் நெஞ்சில் அழியாது நின்றது.